அத்தானின் படவிளக்கமும் பரளச்சி சம்பந்தமும்

தாலுகா ஆபீசில் காலம் கழித்தவனிடம் நாலு வரி எழுதித் தரச் சொல்கிறவர்கள், விளைவுக்கும் தாங்களே பொறுப்பேற்க வேண்டும். இதை என் மச்சினன் சங்கரலிங்கம் உணர்ந்துகொண்டபோது அவன் மகள் கல்யாணமே நிற்க இருந்தது.

அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் அவன். மகள் செல்விக்கு மதுரையில் கம்ப்யூட்டர் வேலை. நிச்சயத்துக்கு முன்பே அப்பா கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

"மாமா, ஒவ்வொரு படத்துக்கும் அதுல என்ன இருக்குன்னு ரெண்டு வரி எழுதணும். மாற்று உரைம்பாங்க. கண்ணு தெரியாதவுகளுக்குப் போனு அத வாசிச்சுக் காட்டும். சிக்னல் இல்லாத எடத்துல படத்துக்குப் பதிலா அந்த எழுத்துதான் வரும்."

இதில் முதல் பாதியை மட்டும் நான் காதில் வாங்கினேன். பார்வையற்ற ஒருவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? அதற்கென்றே அரசாங்கம் எனக்கு ஒரு நடையைப் பழக்கியிருந்தது. ஜப்திக்குப் போகும் இடத்தில் கண்டதை எழுதுவோமே, மகஜர், அந்த நடை. (வேறு நடை எனக்குத் தெரியாது என்று என் மனைவி சொல்வாள். காதல் கடிதம் எதுவும் நான் அவளுக்கு எழுதாதது நல்லதாயிற்று.)

கடை முகப்புப் படத்துக்கு எழுதினேன்: "மேற்படி கடை வடக்குப் பார்த்தது. ஷட்டர் பாதி இறக்கப்பட்ட நிலையில் உள்ளது."

பாத்திரங்களுக்கு: "அண்டா, குத்துவிளக்கு, அடுக்குப்பானை ஆகியவை தரையில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. இருந்தது இருந்தபடி காணப்பட்டன."

கல்லாவில் இருந்த மச்சினனுக்கு: "மேற்படி கடையின் உரிமையாளர். மாநிறம். இடது காதின் கீழ் மச்சம். முகத்தில் கலக்கம் தெரிகிறது."

கேமராவைக் கண்டால் அவனுக்கு அப்படித்தான் ஆகும். அதையும் விடாமல் பதிவு செய்த என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன். செல்விக்கு அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசித்துப் பார்க்காமல் ஏற்றிவிட்டாள். மச்சினன் பெருமையாகப் பரளச்சியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தான்.

அவர்கள் வீட்டில் சிக்னல் வருவதும் மழை வருவதும் ஒன்று. படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. என் உரைநடை மட்டும் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மறுநாள் மதியம் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவும், அத்தை முத்தம்மாளும் இறங்கினார்கள். பூ இல்லை, பழம் இல்லை. சாப்பாட்டு நேரம் என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் மச்சினனும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"பாத்தியாண்ணே, ஷட்டரு பாதிதான் தெறந்திருக்கு. எழுதுனது சரியாத்தான் இருக்கு" என்றது வெளியே முத்தம்மாளின் குரல்.

குனிந்து உள்ளே வந்தார்கள். மச்சினன் எச்சில் கையோடு எழுந்து நின்றான்.

"சாமானையெல்லாம் எப்ப எடுக்குறாக?" என்று கேட்டார் சம்பந்தி, துக்கம் விசாரிக்கும் குரலில்.

சீர்ப் பாத்திரத்தைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான் இவன். "நல்ல நாள் பாத்து எடுத்துர வேண்டியதுதான். லாரிகூடச் சொல்லிட்டேன்" என்றான் பூரிப்பாக.

அம்மாள் தலையில் கைவைத்தார். "மறைக்காதீக சம்பந்தி. கடைய ஜப்தி பண்ணத நெட்டுலயே போட்டுட்டாக. உங்க மச்சம் மொதக்கொண்டு போட்டிருக்காக. பொண்ணக் குடுக்கப் போற எடத்துல ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

போனை நீட்டினார். மச்சினன் வாசித்தான். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "அத்தான்?"

"இது இன்னாரால் எழுதப்பட்டது என்று உடனடியாகச் சொல்வதற்கில்லை" என்றேன். 'மேற்படி' என்று பேசக்கூடிய ஆள் அந்தக் கடையில் நான் ஒருவன்தான் என்பது அதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

செல்விக்குப் போன் போட்டோம். நடந்ததைச் சொன்னோம். அவள், இது பார்வையற்றவர்களுக்காக எழுதியது என்று விளக்கி, போனில் வாசிக்கும் வசதியை எப்படிப் போடுவது என்று சம்பந்தியிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். டவுனில் சிக்னல் இருந்ததால் இப்போது படங்களும் வந்தன. கடை நடுவில் ஒரு பெண் குரல், உணர்ச்சியே இல்லாமல், நான் விரும்பியபடியே வாசித்தது: "முகத்தில் கலக்கம் தெரிகிறது."

அம்மாள் படத்தைப் பார்த்தார். எச்சில் கையோடு நின்றவனைப் பார்த்தார். சிரிப்பு வெடித்துவிட்டது. "ஒண்ணும் பொய்யில்லண்ணே! இந்தா, அதே மொகம்!"

சம்பந்தி சிரிக்கவில்லை. கடையை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒரு அண்டாவைத் தட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, "நிச்சயம் சொன்ன தேதியில நடக்கட்டும். ஆனா லக்னப் பத்திரிகைய இவுக எழுதக் கூடாது" என்றார்.

எங்கள் வகையறாவில் அதுவரை எல்லாப் பத்திரிகையும் நான் எழுதியதுதான். அதில் மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

செல்வி அன்றே எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். 'அப்பா கல்லாவில் சிரித்தபடி' என்று ஒன்று. அவன் படத்தில் சிரிக்கவில்லை என்று சுட்டிக்காட்டினேன். "மாமா" என்றாள். அவ்வளவுதான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. இன்றைக்கும் பரளச்சியில் ஒரு விசேஷத்துக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், முத்தம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"ஏலே, சாமானையெல்லாம் ஒளிச்சு வைங்கடா, ஜப்தி அண்ணாச்சி வாராக!"