துணைக்கால்

யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும். தூங்க வேண்டாம், படிக்க வேண்டாம், ஜன்னல் வழியாக எதையும் பார்க்கக்கூட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நினைப்பைப் பிடித்தால், அதன் மறுமுனை வரை போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். வேறென்ன கேட்டுவிட்டேன்.

உண்மையில் அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பிரிண்டர் முன்னால் நின்றுகொண்டு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து அவளுடைய எந்த நினைப்பும் பாதியைத் தாண்டவில்லை. பாதி வழியில் ஒரு "அம்மா" வரும், அது மகள்கள். "என்னம்மா" என்று வந்தால் மாமனார். "ஏய், இங்க பாரு" என்றால் கணவன். இப்போது நாத்தனாரும் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் எதையும் "தப்பா நினைச்சுக்காதே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

போன வாரம் மூத்தவள் ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, உனக்குப் பிடிச்ச கலர் எது?"

"உனக்குப் பிடிச்சதுதான்டா கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் திருகப் போய்விட்டாள். பிறகுதான் உறைத்தது, பதில் தனக்கே தெரியவில்லை என்று. அதை ஒரு பிற்பகல் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

பிற்பகல் கிடைக்க வழி இணையத்தில் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான விடுமுறை விளையாட்டுகள். அச்சிட்டு வெட்டினால் போதும். அவள் புதையல் வேட்டையைத் தேர்ந்தெடுத்தாள். நட்சத்திரம் போட்ட மூன்று சீட்டுகளை வீட்டில் ஒளித்து வைக்க வேண்டும். பிள்ளைகளிடம் குறிப்புகளைக் கொடுத்துவிட வேண்டும். குறிப்புகளைக் கணினியில் அவளே தட்டினாள்.

பால் இருக்கும் இடத்தில் தேடு.

தடிக்குப் பின்னே தேடு.

பாட்டுப் பெட்டிக்கு அடியில் தேடு.

சுவரில் ஒட்ட ஒரு பரிசு அட்டை. "அதிகச் சீட்டு எடுப்பவருக்கு ஒரு வாரம்" என்று எழுதி, கீழே டிவி ரிமோட்டின் படத்தை வைத்தாள். அந்த ரிமோட்டுக்காக வீட்டில் தினமும் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது.

பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. கணவன் வைத்த பட்டப்பெயர் "சிவப்பு மை". மருந்துச் சீட்டானாலும் பேருந்துச் சீட்டானாலும், கண்ணில் பட்ட பிழையைத் திருத்தாமல் அவளால் நகர முடியாது. அன்றும் திரையில் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தாள். சுத்தமாக இருந்தது. ஆனால் அச்சாகி வந்த தாளைப் படிக்கவில்லை. திரையை நம்பாதே, தாளைப் படி என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

சீட்டுகளை ஒளித்து, அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு, குறிப்புகளை மூத்தவளிடம் கொடுத்தாள். எழுத்துத் தெரியாத சின்னவள் பின்னால் ஓடினாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். நீலத்தில் தொடங்கினாள். நீலம் பிடிக்குமா, அல்லது நீலம் அழுக்கைக் காட்டாது என்பதால் வாங்கிப் பழகிவிட்டதா? அதைத் தாண்டிப் பச்சைப் பக்கம் திரும்பும்போது குரல் வந்தது.

"என்னம்மா. என் பழ்ழைக் காணோம்."

சாப்பாட்டுக்குப் பிறகு பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுப்பது மாமனாரின் வழக்கம். இப்போது கிண்ணம் சமையலறைத் தொட்டியில் கவிழ்ந்து கிடந்தது. சின்னவள் ஸ்டூலில் ஏறி நின்று, பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷால் தாத்தாவின் பற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா பல்லை ஏண்டி எடுத்தீங்க?"

"நீதானே எழுதியிருக்கே," என்றாள் மூத்தவள். "பல் இருக்கும் இடத்தில் தேடு. சீட்டு அடியில இருக்கும்னு கவுத்துப் பார்த்தோம். பல்லுதான் விழுந்துச்சு."

துண்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள். பல் என்றுதான் இருந்தது. அந்த இணையப் பக்கத்தின் எழுத்துருவுக்கும் பிரிண்டருக்கும் என்ன மனத்தாங்கலோ, துணைக்கால் ஒன்றுகூட அச்சில் இறங்கவில்லை.

"பல் இல்லடி, பால். இங்க பாரு." ஃப்ரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டுக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்துச் சாட்சிக்குக் காட்டினாள். காட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பற்களை அலசினாள். மாமனார் பிரசாதம் வாங்குபவர் போல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"சில எழுத்துக்குக் கால் விட்டுப்போச்சு," என்றாள் மகளிடம். "படிக்கும்போது நீயே கால் போட்டுப் படிச்சுக்கோ."

"எங்கெல்லாம் போடணும்?"

"எங்க வேணுமோ அங்க."

எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது என்பது, கூடத்திலிருந்து கணவன் அலறியபோதுதான் புரிந்தது.

விடுமுறை எடுத்ததற்கு அடையாளமாக அவன் தாடி வளர்த்து வந்தான். சோபாவில் மல்லாந்து கிடந்தவன் மார்பில் சின்னவள் ஏறி உட்கார்ந்து, தாடியை இரண்டு கைகளாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். மூத்தவள் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையாதேப்பா. தாடிக்குப் பின்னே தேடணும்."

"தடி," என்றாள் அவள். "தாத்தாவோட ஊன்றுகோல். வெறும் தடி."

"நீதானேம்மா கால் போடச் சொன்னே?"

"சிவப்பு மை வீட்டுலயே எழுத்துப் பிழையா?" என்று கணவன் தாடையைத் தடவிக்கொண்டான். "ஊரெல்லாம் திருத்திட்டு, கடைசில என் மூஞ்சியைத் திருத்த ஆளு அனுப்பிட்டியா?"

அவள் மூலையில் சாய்ந்திருந்த தடிக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். அதுவும் பைக்குள் போயிற்று.

மூன்றாவது குறிப்பை வாங்கித் தானே திருத்திக் கொடுத்திருக்கலாம். ஆனால் பாதியில் விட்டு வந்த பச்சை அவளை அவசரப்படுத்தியது.

"இனிமே எதையும் போடாதே. இருக்கிறதை இருக்கிறபடியே படி."

"இருக்கிறபடியேவா?"

"ஆமா."

அறைக்கு வந்து உட்கார்ந்தபோது நினைப்பு தொடங்கிய இடத்துக்கே போய்விட்டிருந்தது. மறுபடி நீலம். வீடு அமைதியாக இருந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டால் ஒரு கவலை, போடாவிட்டால் பத்துக் கவலை.

"தப்பா நினைச்சுக்காதே," என்று விருந்தினர் அறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "கொஞ்சம் வந்துட்டுப் போ."

நாத்தனாரின் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அதிலிருந்த பட்டுத் துணிகள் ஒன்று பாக்கியில்லாமல் தரையில் பரவியிருந்தன. காலிப் பெட்டிக்குள் சின்னவள் படுத்து, அதன் அடித்துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"பட்டுப் பெட்டிக்கு அடியில் தேடு," என்று மூத்தவள் வாசித்துக் காட்டினாள். "இருக்கிறபடியே படிச்சேன்மா. அத்தை, இது பட்டுதானே?"

"பட்டுதான் கண்ணு. மடிப்புக் கலையாத பட்டு. மத்தியானம் வரைக்கும் கலையாத பட்டு."

"அது பாட்டுப் பெட்டி அண்ணி. ரேடியோ."

"ரேடியோவை எவ பாட்டுப் பெட்டின்னு சொல்றா?"

"நல்ல தமிழா இருக்கட்டுமேன்னுதான்."

கூடத்துக்குப் போய் ரேடியோவின் அடியிலிருந்து மூன்றாவது சீட்டை எடுத்துக் காட்டினாள். அதற்குள் வீடு மொத்தமும் அவள் பின்னாலேயே வந்துவிட்டது. பற்களைப் பொருத்திக்கொண்டிருந்த மாமனார் சுவரில் ஒட்டிய பரிசு அட்டையை உரக்கப் படித்தார்.

"அதிகச் சீட்டு எடுப்பவருக்கு ஒரு வரம்."

மை போதாமல் ரிமோட்டின் படம் வேறு வெளிறிப்போய், மந்திரக்கோல் மாதிரி இருந்தது.

"அது வாரம் மாமா. ஒரு வாரத்துக்கு ரிமோட்." சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

கணவன் தடுத்தான். "விடு, வரம்னே இருக்கட்டும். இன்னிக்கு வந்த பிழையிலேயே உருப்படியானது இதுதான்."

"எனக்குக் கிடைச்சா," என்று மாமனார் உட்கார்ந்தார், "பல்லுக்கு வேலை வைக்காத சாப்பாடு. மூணு வேளையும்."

"எனக்கு இந்தத் துணி முழுக்க இஸ்திரி போட்டு, பழைய மடிப்புலயே வேணும்," என்றாள் நாத்தனார்.

"எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம்பா," என்றான் கணவன். "கேக்காமலே ஒரு காபி. அப்பப்ப."

"எனக்குத் தினமும் இந்த மாதிரி ஒரு விளையாட்டு," என்றாள் மூத்தவள். "நாளைக்கு இன்னும் நிறையச் சீட்டு."

அவள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். வரம் யார் கைக்குப் போனாலும், அதைத் தர வேண்டிய கை ஒன்றுதான். அது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. எந்த முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்திருந்தால் கோபப்படவாவது செய்திருக்கலாம். ஆசைப்பட்டுக்கொண்டிருப்பவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது?

"சரி, யாரு ஜெயிச்சது? சீட்டைக் காட்டுங்க," என்றான் கணவன்.

மூத்தவள் வெறுங்கையை விரித்தாள். "எங்க தேடியும் ஒண்ணுகூடக் கிடைக்கலைப்பா."

"அப்ப வரம் வீட்டுக்குப் பொதுன்னு வெச்சுக்கலாம்," என்றார் மாமனார். எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள்.

சின்னவள் அவளை ஒட்டி நின்றிருந்தாள். படிக்கத் தெரியாத அவளுக்கு மூன்று வரை எண்ணத் தெரியும். அம்மாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒவ்வொரு நட்சத்திரமாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. எல்லாமே அம்மாதான் எடுத்தா. அம்மாதான் ஜெயிச்சா."

எல்லோரும் குனிந்து தரையிலிருந்த நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தார்கள்.

"அது வந்து," என்று கணவன் தொண்டையைச் செருமினான், "வரம் இல்லையே அது. வாரம்தானே. நீயே சொன்னியே. பேனா கையிலதான் இருக்கு, ஒரு காலைப் போட்டுடு."

"ஆமாம்மா. தெரிஞ்சே ஒரு தப்பை விட்டு வைக்கலாமா?" என்றார் மாமனார்.

"தப்பா நினைச்சுக்காதே, உன் தொழிலுக்கு அழகில்லை," என்றாள் நாத்தனார்.

அவள் அட்டையைப் பார்த்தாள். கண் பழக்கத்தில் பிழைக்குத்தான் போயிற்று. விரல்கூட ஒரு கணம் அசைந்தது. பிறகு பேனாவை மூடினாள். அறைக்குப் போகாமல், கூடத்தின் நடுவிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"காலைப் போட்டுட்டேன்," என்றாள் மெதுவாக. "அங்க போட மாட்டேன்."