எதிர் ஜன்னல் இளங்கோவன்

பீன்யா தொழிற்பேட்டையில் காலமெல்லாம் லேத் ஓட்டிய பச்சைமுத்து, ரிடையர் ஆன அன்றே சபதம் செய்தார். இனி இந்தக் கை காபி டம்ளரைத் தவிர எதையும் தூக்காது.

சபதம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. காரணம், எதிர் வீட்டு ஜன்னல்.

ஜீவனஹள்ளியில் அவர் குடியிருந்தது ஒரு குறுகிய சந்தில். ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் போகலாம். இங்கே தும்மினால் எதிர் வீட்டில் முகம் துடைப்பார்கள்.

“என்னங்க, இங்க வந்து பாருங்க,” என்றாள் மனைவி சரளா.

“அடுத்தவன் வீட்டை எட்டிப் பாக்கறது தப்புடி.”

“தப்புதான். சீக்கிரம் வாங்க.”

பார்த்தார். எதிர் வீட்டு இளங்கோவன், அவரும் ரிடையர் ஆனவர்தான், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அதுவும் விசிலடித்துக்கொண்டு.

“மனுஷன்னா அவரு,” என்று பெருமூச்சு விட்டாள் சரளா. “ஜெயலக்ஷ்மி குடுத்து வச்சவ.”

பச்சைமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் பெண்டாட்டி இன்னொருத்தன் பீன்ஸுக்குப் பெருமூச்சு விடுவதா?

“கொண்டா கத்தியை!”

ஜன்னலோரம் உட்கார்ந்து பூசணிக்காயையே பிளந்தார். மறுநாள் இளங்கோவன் பாத்திரம் தேய்த்தார். இவர் குக்கரில் முகம் பார்க்கலாம்போல் தேய்த்தார். அவர் தரை துடைத்தார். இவர் ஃபேன் துடைத்தார். காவேரித் தண்ணீர் வரும் நாளில் இருவரும் குடத்தோடு ஓடிய ஓட்டத்துக்குத் தெருநாய்கள் வழிவிட்டன. ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்ததில் பச்சைமுத்துவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. தைலம் தேய்க்கச் சரளாவுக்கு நேரமில்லை. சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் பால் கடையில் இருவரும் நேருக்கு நேர் மாட்டினார்கள்.

“ஏன் குரு என்னைச் சாகடிக்கிறீங்க?” என்றார் இளங்கோவன்.

“நானா? பீன்ஸ் வெட்டி ஆரம்பிச்சு வச்சது யாருய்யா?”

“அதுக்கு முந்தின நாள் விளக்கமாத்தோட நின்னது யாரு? ‘பாரு, அந்த மனுஷன் வீடு பெருக்கறாரு’ன்னு சொல்லித்தானே என் வீட்டுக்காரி பீன்ஸைக் குடுத்தா!”

“யோவ், அது பல்லி அடிக்கச் சொல்லி சரளா குடுத்த விளக்கமாறுய்யா!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையிலிருந்த பால் பாக்கெட்டுக்கே வியர்த்தது.

“ஒண்ணு பண்ணுவோம்,” என்றார் பச்சைமுத்து. “இப்பவே போய் ரெண்டு பேரும் திரையை இழுத்து மூடிடுவோம். அப்புறம் அவளுங்க எதைக் காட்டுவாளுங்க?”

“பக்கா, குரு!”

பச்சைமுத்து மீசையைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். நேராக ஜன்னலுக்குப் போனார். திரையைக் காணோம். வெறும் கம்பி. எதிர் ஜன்னலிலும் வெறும் கம்பி. அதற்குப் பின்னால் இளங்கோவன் கையை விரித்தபடி நின்றார்.

“சரளா! திரை எங்கடி?”

“ரெண்டு வீட்டுதும் நம்ம வாளியிலதான் ஊறுது. துவைக்கறது நீங்க, காயப்போடறது அவருன்னு நானும் ஜெயலக்ஷ்மியும் நேத்தே பேசி முடிச்சிட்டோம்.”