தலைக்கு ஒரு தளம்

அந்த மருத்துவமனையில் அன்று நோயாளிகளைவிட ஊழியர்கள் நின்ற வரிசைதான் நீளம். நோய் ஒன்றுமில்லை. மூளையின் நிறம் பார்க்க ஒரு மேதை வந்திருந்தார். மேதை என்பது அவரே சொல்லிக்கொண்டது.

நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டுவார், கண்ணை மூடுவார், பட்டையில் விளக்கு எரியும். சிவப்பென்றால் கண்ணால் கற்கும் மூளை, நீலம் காதால், பச்சை கையால். நிறத்துக்கு ஒன்றாக மூன்று ஆன்லைன் பாடத் தளங்கள் வாங்கியே தீரவேண்டுமாம். மாற்றிப் படித்தால் மண்டையில் ஏறாதாம். மூன்றையும் விற்பவர் யார் என்று கேட்கிறீர்களா? அவரேதான்.

ஏற்கெனவே ஒரு தளம் இருந்தது. கை கழுவுவதிலிருந்து தீயணைப்பது வரை எல்லோரும் அதில்தான் படித்தார்கள். நிறம் தெரிந்தபின் அது யாருக்குப் பிடிக்கும்? மருந்தகத்து அக்கா, இத்தனை வருடமாகக் கணவர் தன் பேச்சைக் கேட்காததற்கு அவருடைய சிவப்பு மூளைதான் காரணம் என்று கண்டுபிடித்து நிம்மதியானார்.

இயக்குநர் உருகியே போனார். மூன்று நிறக் கணினிகளை வைக்கப் பயிற்சி அறையைக் காலி செய்யச் சொன்னார். நின்றுபோன இதயத்தை மறுபடி ஓடவைக்கச் செவிலியர்கள் கைபழகும் அறை அது. அதை மூடினால் ஒருநாள் யார் வீட்டு உயிரோ போகும். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

பயிற்சி தரும் செவிலியருக்கும் எரிந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே மேதையை உள்ளே அழைத்தார். புதுக் காவலாளி காய்ச்சலில் கிடக்கிறான், அவனுக்கும் நிறம் பார்த்துவிடுங்கள் என்றார். இயக்குநரும் பாதி வரிசையும் பின்னாலேயே வந்தார்கள்.

கழுத்துவரை போர்வை, தலையில் துணித்தொப்பி, முகத்தில் மாஸ்க். மேதை பட்டையைக் கட்டிக் கண்ணை மூடினார். பச்சை.

"அபூர்வமான மூளை சார். மூணாவது தளம் வாங்கலன்னா பையன் வீணாப் போயிடுவான்."

இன்னொரு முறை பார்க்கச் சொன்னார் செவிலியர். நீலம்.

"இப்பத்தான் கையால கத்துக்கிறவன்னு சொன்னீங்க. அதுக்குள்ள காதுக்கு மாறிட்டானா?"

"அதான் வளர்ச்சி சிஸ்டர். உயிருள்ள மூளை மாறிக்கிட்டேதான் இருக்கும்."

செவிலியர் போர்வையை இழுத்தார். இடுப்புக்குக் கீழே வெறும் தலையணைகள். மார்பை அழுத்திப் பழகும் ரப்பர் பொம்மை.

பட்டையை அவிழ்க்கப் பதறிய மேதையின் உள்ளங்கையிலிருந்து ஒரு குட்டி ரிமோட் விழுந்தது. இயக்குநரே எடுத்து அழுத்திப் பார்த்தார். பொம்மை சிவப்பு மூளைக்காரன் ஆனான்.

"சார், இருக்கிற தளத்துல படிக்க முடியாதது எது அந்த மூணுல இருக்கு? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க. இருந்தா வாங்கலாம்," என்றார் செவிலியர்.

மேதைக்கு அவசர வேலை வந்துவிட்டது. பின்வாசல் வழியாகப் போனார்.

பழைய தளம் இருக்கிறது, பயிற்சி அறையும் இருக்கிறது. பொம்மையைக் குற்றம் சொல்ல முடியாது. அதன் தலைக்குள் வெறும் காற்று. அதே பட்டைக்கு வரிசையில் நின்ற பெருமக்களே, உங்கள் தலைக்குள் இருப்பதை எந்த நாளைக்கென்று இப்படிச் செலவழிக்காமல் வைத்திருக்கிறீர்கள்?