சம்பந்திக்குச் சிவப்பு அட்டை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம். என் ரத்தக் கொதிப்பு மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் தாங்கள். ஒரே ஆசிரியர் அறையில் இரண்டு மேசை தள்ளி உட்காருகிறவருக்குக் கடிதம் எதற்கு என்று கேட்காதீர்கள். நாம் வாயால் பேசினால் என்ன ஆகும் என்பதைத்தான் நேற்று ஏழாம் வகுப்பே பார்த்துவிட்டதே!

தலைமையாசிரியை நம்மிடம் என்ன கேட்டார்? குழுவாக வேலை செய்யும்போது ஒருவரிடம் ஒருவர் மரியாதையாகப் பேசுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்டச் சொன்னார். "கணக்கு சாரும் சயின்ஸ் சாரும் அடுத்த மாசம் சம்பந்தி ஆகப் போறீங்க, உங்களை விட்டா வேற யாரு?" என்று வேறு சொன்னார், பாவம். நாம் சேர்ந்து ஒரு காகிதப் பாலம் கட்ட வேண்டும். மரியாதையாகப் பேசினால் பிள்ளைகள் பச்சை அட்டை காட்டுவார்கள், குறுக்கே பேசினால் சிவப்பு. விதிகளைக் கரும்பலகையில் எழுதியவன் நான். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. அவர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அளந்து வெட்டலாம் என்றேன். ஸ்கேலைத் தள்ளிவிட்டு "கண்ணுக்கே தெரியுது சார்" என்றீர்கள். தெரிந்த லட்சணம், பாலத்தின் ஒரு கால் நொண்டியது! பசையை ஏன் இப்படிக் கொட்டுகிறீர்கள் என்று பணிவாகத்தான் கேட்டேன், எனக்குச் சிவப்பு. பிறகு உங்களுக்கு, பிறகு எனக்கு. பிள்ளைகள் அட்டையை இறக்க நேரமில்லாமல் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்கள். முன் பெஞ்சு இரட்டைச்சடைக்காரி எழுந்து, "ரெண்டு சாரும் மூச்சை இழுத்து விடுங்க. திருப்பிச் சொல்லிட்டுத்தான் சண்டை போடணும்" என்றாள். அதனால்தான் "எனக்குக் கணக்கு வரும், கை வேலை வராதுன்னு சொல்றீங்க" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் என் வாயாலேயே சொன்னேன். அதற்குப் பச்சை! நீங்களும் லேசுப்பட்டவரா? "நானும் என் பையனும் எதையும் பாதியில விடுறவங்கன்னு சொல்றீங்க"ன்னு அழகாத் திருப்பிச் சொன்னீங்க, அதுக்கும் பச்சை. ஒரு தடவை திட்டினா ரெண்டு தடவை கேக்குற மாதிரி ஒரு விதியை எந்த மடையன் எழுதினான்? நான்தான்.

மாப்பிள்ளையை இழுத்தது என் தப்பு, வாய் தவறிடுச்சு. அதுக்காக நீங்க என்ன ஆரம்பிச்சீங்க? "உங்க பொண்ணும் உங்களை மாதிரியே பிடிவாதம்..." போதும்! அதுக்கு மேல கேக்க நான் அங்கே நிக்கலை. என்னை என்ன வேணா சொல்லுங்க, என் பொண்ணைச் சொல்ல நீங்க யாரு? பசைக் கையோடவே வெளியே வந்தேன்; கதவுப் பிடியில கை ஒட்டிக்கிட்டு, மிச்சமிருந்த மானமும் போச்சு. ராத்திரி அவ ஒரு வாய் சாப்பிடலை. "அவர் முழுசா என்னப்பா சொன்னார்?"ன்னு அழுதுக்கிட்டே அதையே கேக்குறா. முழுசா வேற கேக்கணுமா? மதிக்காத வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம். மண்டபத்துக்காரரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு, இல்லை, தங்கள் மகனுக்கு என் ஆசிகள். நல்ல பையன், அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் சம்பந்தி

பின்குறிப்பு: இன்று பள்ளியில் உறையை ஒட்டப் போகும்போது இரட்டைச்சடைக்காரி என் மேசைக்கு வந்து நின்றாள். "சார், கடைசியா அவர் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லாமலே போயிட்டீங்க."

"அதான் கேட்டேனேம்மா."

"பாதிதான் சார் கேட்டீங்க. நீங்க போனப்புறம் அவர் மீதியையும் சொன்னாரு. 'பிடிவாதம், எடுத்ததை முடிக்காம விடமாட்டா. எல்லாத்தையும் பாதியில விடுற எங்க வீட்டுக்கு அவதான் வேணும்னுதானே பொண்ணு கேட்டு வந்தோம்'னு."

நான் திருப்பிச் சொல்லும்வரை அவள் நகரவில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தேன். பச்சை அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போன் செய்து மகளிடமும் அதையே வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டேன், சாப்பிடுகிறாள்.

கல்யாணம் உண்டு, சம்பந்தி. என்னை மன்னிக்க வேண்டும். ஆனாலும் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பசை கொட்டிய விஷயத்தில் ஒரு வார்த்தையைக்கூட நான் வாபஸ் வாங்குவதாக இல்லை.