சப்பை மூக்குக்காரி

ஓய்வு பெற்ற மறுநாளே, இந்தக் கோடையில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டாமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்தார் எகோன். கூட வரப்போவது மனைவி ரோஸ்விதா இல்லை. கராஜில் போர்வைக்குள் தூங்கும் சப்பை மூக்குக்காரி. 1986-இல் யாரோ ஒரு பல் டாக்டர் ஃபேக்டரியிலேயே சொல்லிவைத்து, மூக்கைச் சப்பையாக்கி, விளக்குகள் கண் திறந்து மூடுகிற மாதிரி செய்து வாங்கிய டர்போ கார். ஸ்டுட்கார்ட் ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொன்று கிடைக்காது. ரோஸ்விதாவை அதில் ஒரு தடவைகூட ஏற்றியதில்லை. அவள் செருப்பில் தோட்டத்து மண்ணாம்.

ஆனால் கோடை வந்தால் தோட்டத்தில் புல் வெட்டணுமே! எகோன் நைசாக ஆரம்பித்தார்.

“ரோஸ்விதா, வருஷம் பூரா காருக்கு வரி கட்டுறது தண்டம். சில மாசத்துக்கு மட்டும் ஓட்டுற நம்பர் பிளேட் வாங்கிடலாம்.”

சிக்கனம் என்றால் அவளுக்குச் சர்க்கரை. ஆனாலும் விடவில்லை. “அப்போ புல்லு?”

“அட, புல்லுதான் முதல்ல! புல்லு வளர்ற மாசத்துல நான் காரைத் தொடுவேனா?”

“நிஜமா?”

“எகோன் சொன்னா சொன்னதுதான்.”

இந்த மாதிரிக் காருக்கு ஊரே ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் பிளேட் வாங்கும். இதில் சொல்ல என்ன இருக்கிறது? ஆபீஸ் வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு, எந்த மாசம் என்றுகூடச் சொல்லாமல், அவளையே அவளுடைய குட்டிக் காரில் அனுப்பினார்.

பிளேட் வந்தது. ஓரத்தில் மேலே 11, கீழே 02.

“நவம்பர்லேர்ந்து பிப்ரவரியா? அடிப்பாவி! பனி உருகுறதுக்கு ரோடு பூரா உப்புக் கொட்டியிருப்பானே! துருப்பிடிச்சுச் செத்துருவாளே இவ!”

“அப்பதானே புல்லு வளராது? நீ சொன்னதுதானே?”

“நான் போய் மாத்திட்டு வரேன்.”

“மாத்திக்கோ. ஆனா எங்க அண்ணன், எதிர்வீட்டுக்காரி, பாதிரியார் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எகோன் பொண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கை மீறாத ஆளுன்னு. பாதிரியாருக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

காருக்கு மூக்கு சப்பையானது ஃபேக்டரியில். எகோனுக்கு வீட்டிலேயே ஆயிற்று.

ஜூலையில் ஒருநாள், புல் வெட்டி முடித்துவிட்டு, ஓடாத காரில் உட்கார்ந்து விளக்குக் கண்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ரோஸ்விதாவை ஒரே ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா? பக்கத்துக் கதவு திறந்தது. மண் செருப்போடு ரோஸ்விதா ஏறி உட்கார்ந்தாள். எகோன் அந்த மண்ணைப் பார்த்தார், பிறகு விளக்குகளை மூடினார்.

“தப்புதான் ரோஸ்விதா. உன்னை முன்னாடியே ஏத்தியிருக்கணும்.”

“அதனால என்ன, இப்ப ஏறிட்டேனே.” சீட்டைத் தடவிப் பார்த்தாள். “ஆல்ப்ஸ்தானே? நாளைக்கே என் கார்ல போலாம், வா. செருப்பை மட்டும் துடைச்சுட்டு ஏறு.”