கொடுத்த பக்கம், கொடாத பக்கம்

பூகம்பம் எங்கள் தெருவில் பாரபட்சம் காட்டவில்லை. அதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். அடகுக்கடைக்காரர் வீட்டு மாடியும் சரிந்தது, எதிர்ப்பக்கம் தையற்காரி வீட்டு ஓடும் சரிந்தது. யாரும் சாகவில்லை. அதனாலேயே எங்களை யாரும் எட்டிப் பார்க்கவுமில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க ஒரு குழந்தைகள் நல அமைப்பு வந்து சேர்ந்தது. முன்னால் ஜீப், பின்னால் லாரி. லாரி நிறைய நீலத் தார்ப்பாய். ஜீப்பிலிருந்து இறங்கியவர் கண்காணிப்பு அதிகாரி. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் கால்சட்டையில் முழங்கால் வரை பைகள். அத்தனை பைகளிலும் என்ன வைத்திருந்தார் என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் ஆளாகப் போய் நின்றவள் தையற்காரி. கூடவே அவள் மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிற அந்தப் பெண்ணைத் தெருவே வாயாடி என்றுதான் கூப்பிடும்.

"சார், ஒரே ஒரு தார்ப்பாய் போதும். புள்ளைக்கு ஈரம் ஆகாது, மூச்சு இழுக்கும். மழை வேற மூட்டம் போட்டு நிக்குது."

"கண்டிப்பா குடுப்போம்மா. அதுக்குத்தானே வந்திருக்கோம்."

"அப்ப இறக்கிக்கட்டுமா?"

"அவசரப்படக் கூடாது. தார்ப்பாய் குடுத்தா குழந்தைங்களுக்கு நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

தையற்காரி வானத்தைப் பார்த்தாள். "மழை மேல விழாது சார்."

"அது உங்க அபிப்பிராயம். எங்களுக்கு ஆதாரம் வேணும்."

ஆதாரம் திரட்டும் முறையை அதிகாரி அன்றே எங்களுக்கு விளக்கினார். தெருவின் ஒரு பக்கத்துக்குத் தார்ப்பாய் கொடுக்கப்படும். மறுபக்கத்துக்குக் கொடுக்கப்படாது. இரு பக்கத்துக் குழந்தைகளும் கண்காணிக்கப்படுவார்கள். கொடுத்த பக்கத்துக் குழந்தைகள் நலமாகவும் கொடாத பக்கத்துக் குழந்தைகள் நலமின்றியும் இருந்தால், தார்ப்பாய் நல்லது என்று நிரூபணமாகிவிடும். பிறகு எல்லோருக்கும் கொடுக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் கைதட்டினோம். ஏன் தட்டினோம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

பாரபட்சம் என்ற பேச்சு வரக் கூடாதென்று அதிகாரி நாணயத்தைச் சுண்டிப் போட்டார். தையற்காரி பக்கம் தோற்றது. நடுத்தெருவில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்கள்.

"மனசு விட்டுடாதீங்கம்மா," என்றார் அதிகாரி. "உங்க பக்கம்தான் ரொம்ப முக்கியம். நீங்க கஷ்டப்படலேன்னா அவங்களுக்குக் குடுத்ததுக்கே அர்த்தமில்ல."

மீதித் தார்ப்பாய்கள் லாரியிலேயே இருந்தன. அவை நனைந்துவிடக் கூடாதென்று மேலே ஒரு தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

அந்த வாரக் கடைசியில் அதிகாரி கொடாத பக்கத்துக் குழந்தைகளைப் பரிசோதித்தார். எல்லோரும் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் தொங்கிவிட்டது.

"நீ ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

"நல்லாத் தூங்கினேனே," என்றாள் வாயாடி.

"கூரையில்லாம எப்படித் தூக்கம் வரும்?"

"எதிர்வீட்டு அத்தைகிட்டப் போய்ப் படுத்துக்கிட்டேன். அங்கதான் தார்ப்பாய் இருக்கே!"

எதிர்வீட்டு அத்தை என்பவள் சலவைக்கடைக்காரி. ரத்த சொந்தமில்லை, எதிர்வீட்டில் இருந்ததால் அத்தை ஆனவள். விசாரித்தபோது கொடாத பக்கத்துக் குழந்தைகள் மொத்தமும் இப்படித்தான் ஏதோ ஒரு அத்தை, சித்தி வீட்டில் படுத்து எழுந்திருக்கிறது என்று தெரிந்தது. அதிகாரி முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முடிவெல்லாம் கலப்படம் ஆயிடுச்சு! ஊருக்குள்ள இப்படி ஒருத்தருக்கொருத்தர் பாசமா இருந்தா எதைத்தான் நிரூபிக்கிறது?"

பாசத்தைக் கட்டுப்படுத்தத் தன்னார்வலர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆளுக்கொரு ஆரஞ்சு மேலங்கி, ஒரு விசில். கோட்டைத் தாண்டும் குழந்தையைக் கண்டால் ஊத வேண்டும். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. முதலில் பெயர் கொடுத்தவர் வாயாடியின் தாய்மாமன். மின்வேலை செய்பவர். கம்பங்களே சாய்ந்து கிடந்ததால் சும்மா இருந்தார்.

பிறகு அந்த மேலங்கிக்குக் கிராக்கி ஏறியதைச் சொல்லி மாளாது. முடிவெட்டிக்கொள்ளப் போனவர்கள் மேலங்கியோடு போனார்கள். சலவைக்கடைக்காரி கடையில் மேலங்கி போட்டுக்கொண்டே மேலங்கிக்கு இஸ்திரி போட்டாள். அடகுக்கடைக்காரர் தம் தொந்திக்கு எட்டவில்லை என்று தையற்காரியிடமே கொண்டுவந்து கொடுத்து, இரண்டு பக்கமும் துணி வைத்துத் தைத்து வாங்கிக்கொண்டார். கொடாத பக்கத்தில் ஓடில்லாத வீட்டில் உட்கார்ந்து, ஊர் மேலங்கிகளைப் பிடித்தும் தளர்த்தியும் தைத்தாள் அவள். கோபம் வந்தபோதெல்லாம் தையல் இயந்திரம்தான் கடகடவென்று பேசியது.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது.

வாயாடிக்கு இழுப்பு கண்டுவிட்டது. ஓயாத அந்த வாய் காற்றுக்குத் திறந்து திறந்து மூடியது. தையற்காரி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். கோட்டருகே அவள் அண்ணன் மேலங்கியோடு நின்றார்.

"நில்லும்மா. சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"வழி விடுண்ணே."

"எனக்கு மட்டும் ஆசையா? பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?" பழக்க தோஷத்தில் விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டார்.

"ஊதுண்ணே. நல்லா ஊது. உனக்காவது மூச்சு இருக்கே!"

விசில் அவர் வாயிலிருந்து விழுந்தது. அவள் கோட்டைத் தாண்டினாள். சலவைக்கடைக்காரி மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்து குழந்தையை வாங்கினாள். தார்ப்பாய்க்கு அடியில், சூடான இஸ்திரிப்பெட்டி பக்கத்தில், உலர்ந்த துணிக்குள் வாயாடியின் மூச்சு மெல்ல மெல்ல நிலைக்கு வந்தது. அந்த நேரத்தில் நாங்கள் பலரும் மேலங்கியைக் கழற்றியது உண்மை.

இதற்குள் காற்றடித்து, கொடாத பக்கத்து மூலையில் அதிகாரி போட்டிருந்த கூடாரம் பிய்ந்து போனது. அவர் தலைதெறிக்க ஓடிவந்தார். கோட்டருகே தாய்மாமன் கையை நீட்டி மறித்தார்.

"சார், உங்க கூடாரம் கொடாத பக்கத்துலதானே இருந்துச்சு?"

"யோவ், நான் அதிகாரிய்யா!"

"தெரியும் சார். நீங்க தாண்டினா முடிவு கலப்படம் ஆயிடும்."

அதிகாரி மழை விடும்வரை நடுத்தெருவில் நின்று நனைந்தார். பைகளிலெல்லாம் தண்ணீர் நிரம்பியது. நாலைந்து தும்மல் போட்டதும் அவருக்குப் போதிய ஆதாரம் கிடைத்துவிட்டது. அன்று மாலையே லாரியைத் திறந்து கொடாத பக்கத்துக்கும் தார்ப்பாய் கொடுத்தார். ஆய்வு மாபெரும் வெற்றி என்று அறிவித்துவிட்டு, மூக்கைச் சிந்தியபடி ஜீப்பேறிப் போனார்.

மறுநாள் வாயாடி வழக்கம்போல் எதிர்ப்பக்கம் விளையாட ஓடினாள். அடகுக்கடைக்காரர் வாசலில் நின்று விசில் ஊதினார். அவர் மட்டும் இன்னும் மேலங்கியைக் கழற்றவில்லை.

"அந்தப் பக்கமே நில்லு!"

"ஏன் மாமா? எல்லாருக்கும்தான் தார்ப்பாய் குடுத்தாச்சே?"

"குடுத்தா? நாங்க முதல்ல வாங்கினவங்க, நீங்க அப்புறம் வாங்கினவங்க. ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

பக்கத்திலிருந்த நாங்கள் அவரைத் திட்டியிருக்கலாம். யோசித்துப் பார்த்தபோது அவர் சொல்வதிலும் ஏதோ நியாயம் இருப்பதாகக் கொடுத்த பக்கத்துக்காரர்களுக்குப் பட்டது. கொடாத பக்கத்துக்காரர்களும் சளைக்கவில்லை. நாணயத்தில் தோற்றவர்கள் நாங்கள், கஷ்டப்பட்டதால் நாங்களே உசத்தி, உங்கள் பிள்ளைகள் மட்டும் இங்கே வரலாமா என்று சண்டைக்கு வந்தார்கள். கழற்றிய மேலங்கிகளெல்லாம் மறுபடி தோளேறின. சலவைக்கடைக்காரியும் எறிந்ததை எடுத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒன்றுதான் குறை. அந்த மழையில் கோடு கரைந்து போயிருந்தது. அமைப்புக்காரர்கள் மறுபடி வரப் போவதில்லை. அதனால் நாங்களே இரண்டு பக்கமும் கூடிப் பேசி, ஒருமனதாக முடிவெடுத்து, கோட்டைப் புதிதாகப் போட்டுக்கொண்டோம். சுண்ணாம்பு எங்கள் சொந்தச் செலவு.