தாம்ப்லைக் காக்கப் போனோம்

பிள்ளையார் துணை

நொஷாட்டல் ஏரிக்கரை,
மார்கழி முதற்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் குகநாதன் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கை கலாவதியும் குளிரோடு ஒருமாதிரிச் சமாதானம் செய்துகொண்டு சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தையும், மச்சாளின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். போன கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் எதுவும் உங்கள் காதில் விழவில்லை என்பது, "இங்கே தேர்தல் காலம்" என்று நான் சொல்ல, "தேங்காய் அங்கே என்ன விலை" என்று நீங்கள் கேட்டபோது விளங்கிவிட்டது. ஆகையால் எழுதுகிறேன். ஐரோப்பா முழுக்க வெளிநாட்டவரைத் துரத்தப் போகிறார்களாம், சமயத்தை வைத்துப் பெரிய சண்டையாம், உங்களை இருக்க விடுகிறார்களோ என்று கேட்டீர்கள். இதற்கு ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுதலாம் என்றுதான் நானும் போன மாதம் வரை நினைத்திருந்தேன்.

இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மகள் ஜெனனிக்குக் கிட்ட இருக்கலாம் என்று நாங்கள் இந்தக் கிராமத்துக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே ஜேர்மன், இங்கே பிரெஞ்சு. ஜேர்மனில் என்னால் ஒரு கல்யாண வீட்டுச் சமையலையே நின்று நடத்த முடியும். பிரெஞ்சில் வணக்கம் சொல்லி ஒரு ரொட்டி வாங்கலாம், அவ்வளவுதான். ஆனால் இந்த மாநிலத்தில் ஒரு புதினம் இருக்கிறது மச்சான். குடியுரிமை இல்லாமல் சி பெர்மிட் என்ற நிரந்தர வதிவிட அனுமதியோடு இருக்கிற எங்களைப் போன்றவர்களும் ஊர் விஷயங்களில் வாக்குப் போடலாம். பேர்ன் பக்கம் இருந்த காலம் முழுக்கக் குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்றுகூட என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. இங்கே கடிதப் பெட்டியைத் திறந்தால், தெரு விளக்கை அணைக்கலாமோ, பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றலாமோ என்று என் அபிப்பிராயம் கேட்டு வருகிறது. அதனால் வருகிற எதையும் நான் வீசுவதில்லை. அப்படித்தான் ஒருநாள் ஒரு மஞ்சள் நிறத் துண்டுப் பிரசுரம் வந்தது. ஊர் மண்டபத்தில் கூட்டம், எல்லோரும் வரலாம் என்பது வரைக்கும் விளங்கியது. நடுவிலே பெரிய எழுத்தில் "டெம்பிள்" என்று இருந்தது. நான் படித்த ஆங்கிலத்தில் டெம்பிள் என்றால் கோயில். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு போட்டிருந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள். எங்கள் பிள்ளையார் டயர்க் கடைக்குப் பக்கத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு கிடங்கில் இருக்கிறார். ஜெனனியிடம் காட்டலாம் என்றால் அவள் கடிகாரத் தொழிற்சாலை அலுவலாக வெளிநாடு போயிருந்தாள். கோயில் நிர்வாகி தவச்செல்வனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நான் எதிர்பாத்தனான் அண்ணை," என்றார் அவர். "திருவிழாவில தவில் அடிக்கேக்க டயர்க் கடைக்காரன் பாத்த பார்வை சரியில்லை."

அதற்குப் பிறகு பிரசுரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. கூட்டத்து நாளன்று நிர்வாக சபை, மகளிர் அணி, தேவாரப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் எல்லோரும் நெற்றி நிறைய விபூதியோடு ஊர் மண்டபத்துக்குப் போனோம். தவச்செல்வன் வேட்டியோடு வந்தார்; உள்ளே பனிக்காலக் காற்சட்டை போட்டிருந்தது நடக்கும்போது தெரிந்தது. மண்டபத்தில் எங்களுக்கு முன்னமே வந்திருந்த வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர்தான். ஊர்த் தலைவர் வாசலில் நின்று எங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். இவ்வளவு சனத்தை அவர் எந்தக் கூட்டத்திலும் கண்டதில்லைப் போல, கண்கள் பளபளத்தன. ஒரு கோயிலை மூடப் போகிறவர் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று நான் யோசித்தேன்.

முதலில் மதாம் பெர்நூ என்ற வயதான பெண் எழும்பிப் பேசினார். பேசப் பேசக் குரல் உடைந்து, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். வார்த்தைகளில், டெம்பிளைப் பிரெஞ்சில் சொல்கிற தாம்ப்ல், தாம்ப்ல் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. எங்கள் பிள்ளையாருக்காக ஒரு வெள்ளைக்காரி அழுகிறாளே என்று கலாவதிக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அடுத்து லொயிக் என்ற தாடிக்காரப் பொடியன், சமயமும் அரசாங்கமும் வேறுவேறு என்ற தோரணையில் கையை இரண்டு பக்கமும் விரித்துப் பேசி, ஒரு படத்தைச் சுவரில் காட்டினான். உள்ளே ஆட்கள் கயிற்றில் தொங்கிச் சுவரேறுகிற படம். பிள்ளையார் இருந்த இடத்தில் சுவரேறுவதோ என்று எனக்கு இரத்தம் கொதித்தது. பிறகு எழும்பினவர் மிசியூ மத்தே. வெளிநாட்டவர் கூடிவிட்டார்கள் என்று புகையிரத நிலையத்தில் போஸ்டர் ஒட்டுகிற கட்சியின் ஊர்ப் பொறுப்பாளர் அவர். போஸ்டரில் முகமும் இருக்கிறது. இதோ வருகுது என்று நினைத்தேன். அவரோ மேசையில் தட்டி, தாம்ப்லில் கைவைக்க விடமாட்டேன் என்பதுபோலப் பேசி, மதாம் பெர்நூவின் தோளையும் தட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார். எனக்கு உலகமே தலைகீழானது. போஸ்டர்க்காரர் எங்கள் பக்கம். எங்களைக் கண்டால் சிரிக்கிற தாடிப் பொடியன் எதிர்ப்பக்கம். உணர்ச்சியில் நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, மொழிபெயர்க்க வருவதாகச் சொன்ன எங்கள் மன்னார் நண்பர் கிளமென்ற், உணவகத்து வேலை உடுப்போடு ஓடிவந்து பக்கத்தில் குந்தினார். பிரசுரத்தைப் பார்த்தார். விபூதிகளைப் பார்த்தார்.

"அண்ணை, இவை கதைக்கிறது உங்கட கோயிலைப் பற்றி இல்லை."

"டெம்பிள் எண்டு கிடக்கே தம்பி."

"இஞ்சத்தையில புரட்டஸ்தாந்துக்காரற்ற சேர்ச்சைத்தான் தாம்ப்ல் எண்டுறது. மேட்டில மணிக்கூண்டோட நிக்குதே, அது. சனம் போறதில்லை எண்டு மூடிப்போட்டு, சுவரேறி விளையாடுற மண்டபமாக்கலாமோ எண்டு கேக்கினம்."

தலைவர் என்னைப் பேசச் சொல்லிக் கையைக் காட்டினார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இடம் மாறி வந்துவிட்டோம் என்று சொல்லி அவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுவதற்கு எனக்கு முகமில்லை மச்சான். எழும்பி நின்றேன். பேச ஒன்றுமில்லாததால், உண்மையாகவே எனக்குத் தெரியாததைக் கேட்டேன், கிளமென்ற் மொழிபெயர்த்தார்.

"ஐயா மத்தே, குறை நினையாதேங்கோ. நீங்கள் கடைசியா எப்ப அதுக்குள்ள போனீங்கள்?"

அவர் மேலே பார்த்து யோசித்தார். மகளின் ஞானஸ்நானத்துக்கு என்றார். பின்வரிசையில் யாரோ, அந்த மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்றார். எல்லோரும் சிரித்தார்கள்; மத்தேயும் சிரித்தார், அது எனக்குப் பிடித்தது. அதே கேள்வியைத் தாடிப் பொடியனிடம் கேட்டேன். அவன் சிவந்துபோய், "நேற்று," என்றான். வேலை முடிந்து வரும்போது கதவு திறந்திருந்தால் உள்ளே போய் இருப்பானாம். கும்பிடுவதில்லையாம். ஒருவரும் ஒன்றும் கேட்காத இடம் ஊரில் அது ஒன்றுதானாம். பின்னே ஏன் மூடச் சொல்கிறாய் என்று கேட்டேன். குளிருக்குச் சூடாக்கக் காசில்லை, சனம் வந்தால்தான் கட்டடம் நிற்கும், சுவரேறவாவது வரட்டும் என்றான். மதாம் பெர்நூவை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். ஞானஸ்நானம் அங்கே, கல்யாணம் அங்கே, புருஷனை வழியனுப்பியதும் அங்கே. தன்னையும் அந்தக் கதவால்தான் தூக்க வேண்டும், சுவரேறுகிற ஆட்களுக்கு நடுவால் தூக்கக் கூடாது என்றார்.

தாம்ப்லை மூடக் கூடாது என்பவர்கள் கை தூக்குகிற நேரம் வந்தது. ஊரின் எண்ணத்தை அறியத்தான், முடிவு பிறகு ஊர்ச் சபைதான் எடுக்கும் என்றார் தலைவர். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள்; நான் கலாவதியைப் பார்த்தேன்.

"ஆற்ற சாமியா இருந்தா என்ன, மனுசி அழுகுது," என்றாள் உங்கள் தங்கை. "கையைத் தூக்குங்கோ."

தூக்கினோம். தாம்ப்ல் தப்பியது. மிசியூ மத்தே வந்து என் கையைக் குலுக்கி, நாட்டின் கிறிஸ்தவப் பண்பாட்டைக் காப்பாற்றியதற்கு நன்றி சொன்னார். அவர் பார்வை என் நெற்றியிலேயே இருந்தது.

அடுத்த நாள் மதாம் பெர்நூ எங்களையும் கிளமென்றையும் தாம்ப்லுக்கு அழைத்துப்போய்த் திறந்து காட்டினார். வெளியே அவ்வளவு பெரிய மணிக்கூண்டு, உள்ளே வெறும் வெள்ளைச் சுவரும், சனம் இருக்கிற மர வாங்குகளும் ஒரு பைபிளும். சிலையில்லை, விளக்கில்லை. சாமி எங்கே என்று கலாவதி கேட்டாள். முன்னொரு காலம் சிலைகள் இருந்தன, எல்லாவற்றையும் அடித்து உடைத்து வெளியே போட்டுவிட்டார்கள் என்று கிளமென்ற் சொன்னார்.

"ஆர் உடைச்சது? வெளிநாட்டுக்காரரோ?"

"இல்லை அக்கா. இந்த ஊர்ச் சனம்தான். சாமிக்கு அதெல்லாம் தேவையில்லை எண்டு."

கலாவதி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பனிக்கட்டி போன்ற அந்தக் கல்லுத் தரையில் வாங்குகளைச் சுற்றி வலம் வந்தாள். எதைச் சுற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை. மதாம் பெர்நூ பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டாம் சுற்று வரும்போது அவரும் பின்னால் நடக்கத் தொடங்கினார், சப்பாத்தோடுதான்.

ஆகவே மச்சான், உங்கள் கேள்விக்கு என் பதில் இது: இருக்க விடுகிறார்கள். அவர்களையும் இருக்க விடும்படி எங்களைக் கேட்கிறார்கள். போஸ்டர் ஒட்டுகிறவரும் எங்கள் பக்கம்தான். நீங்கள் பத்திரிகைகளை நம்பி நித்திரை கெட வேண்டாம். மச்சாள் முழங்காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் விடாமல் பிடிக்கட்டும். உங்கள் காதையும் மனதையும் வீட்டையும் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் சொற்படி நடக்கும்
தம்பித்துரை

பி.கு: உறையை ஒட்டாமல் ஒரு கிழமை வைத்திருந்தேன், அதற்குள் கொம்யூன் என்ற ஊர்ச் சபையிலிருந்து கடிதம் வந்தது, திரும்பி வந்துவிட்ட ஜெனனி வாசித்துச் சொன்னாள். தாம்ப்லில் அதிக அக்கறை காட்டியவர்கள் தமிழர்களே என்பதால், ஞாயிறு காலை மதாம் பெர்நூவுக்கும் மற்ற நாட்களில் எங்கள் பிள்ளையாருக்கும் கொடுக்கலாமோ என்று சபை யோசிக்கிறதாம். மதாமுக்குச் சம்மதம், தவில் மட்டும் எப்படி இருக்கும் என்று ஒருக்கால் கேட்டுப் பார்க்க வேண்டுமாம். ஆனபடியால் மேலே எழுதியதை அப்படியே நம்ப வேண்டாம். சமயம் வேண்டாம் என்ற லொயிக் இப்போது எங்கள் கோயிலுக்கு ஆதரவு கேட்டு வீடு வீடாகப் போகிறான். கிறிஸ்தவப் பண்பாட்டைக் காத்த மிசியூ மத்தே சுவரேறும் மண்டபம் வேண்டும் என்று கையெழுத்துச் சேர்க்கிறார். எங்கள் கதவையும் தட்டினார். இந்த நிமிஷம் எங்கள் வீட்டு ஹோலில்தான் இருக்கிறார். கலாவதி வடை வைத்தாள். ஒன்று முடித்து இரண்டாவதை எடுத்தபடி, உங்கள் கோயிலில் இதுவும் கொடுப்பீர்களோ என்று ஜெனனியிடம் கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் கொடுப்போம் என்றேன். கையெழுத்துத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார், ஆனால் இன்னும் எழும்பிப் போகவில்லை.